கோட்டுருவும் பல்லுறுப்புக்கோவையும்: டெல்டா மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து வருஷா வருஷம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கோட்டுரு என்றால் கிராஃப், அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட படம். கிராஃப் தியரி பாடத்தில் நிறமிடுதலைப் பற்றி ஒரு அலகு இருக்கும், அதன் கடைசியில் குரோமாட்டிக் பல்லுறுப்புக்கோவை இரண்டு பக்கத்தில் வந்து போகும், தேர்வுக்கு ஒரு கணக்கு, அதோடு சரி. அந்த இரண்டு பக்கத்துக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது, இன்னும் தீராத கணக்குகளும் இருக்கின்றன. பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். சின்னக் கோட்டுருக்களுக்குக் கீழே கொடுத்திருக்கும் எண்களையெல்லாம் கையாலேயே சரிபார்க்கலாம்.

கோட்டுருப் பல்லுறுப்புக்கோவை என்றால் என்ன?

நம்ம ஊர் ரயில் பாதையையே எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் கிளம்பி கும்பகோணம், அங்கிருந்து மயிலாடுதுறை, பிறகு திருவாரூர், நீடாமங்கலம், மறுபடி தஞ்சாவூர். நடுவில் வரும் பாபநாசம், ஆடுதுறை, பேரளம், கொரடாச்சேரி போன்ற நிலையங்களை விட்டுவிடுங்கள். ஐந்து ஊர் ஐந்து முனைகள், இடையில் ஓடும் பாதைகள் ஐந்து விளிம்புகள். மொத்தத்தில் ஐந்து முனை உள்ள ஒரு சுற்று.

இப்போது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நிறம் அடிக்க வேண்டும், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிலையங்களுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. கையில் ந நிறங்கள் இருந்தால் எத்தனை விதமாக அடிக்கலாம்? விடை:

(ந−1)⁵ − (ந−1)

இரண்டு நிறம் இருந்தால் 0, அதாவது முடியவே முடியாது. மூன்று நிறத்துக்கு 30 வழி, நான்குக்கு 240. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தனித்தனியாக எண்ணிப் பார்க்கத் தேவையில்லாமல் எல்லா விடையும் ஒரே கோவைக்குள் அடங்கிவிட்டது. இதுதான் குரோமாட்டிக் பல்லுறுப்புக்கோவை.

இதே போல ஒரு கோட்டுருவை எப்படி வரைந்தாலும், முனைகளுக்கு என்ன பெயர் வைத்தாலும் மாறாத ஒரு பல்லுறுப்புக்கோவையை அதோடு சேர்த்துவிட்டு, அந்தக் கோவையின் கெழுக்கள், மதிப்புகள், மூலங்கள் அந்தக் கோட்டுருவைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்பதுதான் இந்தத் துறை முழுக்க நடக்கும் வேலை.

அந்தச் சூத்திரம் எப்படி வந்தது? மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். ஒரு விளிம்பை எடுங்கள், உதாரணமாக நீடாமங்கலம் – தஞ்சாவூர். அந்தப் பாதையே இல்லை என்று வைத்துக்கொண்டு நிறமிடும் வழிகளை எண்ணுங்கள். அதில் தஞ்சாவூரும் நீடாமங்கலமும் ஒரே நிறமாக அமைந்துவிட்டவை நமக்கு ஆகாது, அவற்றைக் கழிக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறம் என்றால் அவை இரண்டையும் ஒரே ஊராக ஒட்டிவிட்டதற்குச் சமம். ஆக, விளிம்பை நீக்கிய கோட்டுருவின் கோவையிலிருந்து விளிம்பைச் சுருக்கிய கோட்டுருவின் கோவையைக் கழித்தால் விடை வந்துவிடும்.

நீக்கினால் ஐந்து ஊரும் ஒரே வரிசையாக நிற்கும்: முதல் ஊருக்கு ந வழி, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் ந−1 வழி, ஆக ந(ந−1)⁴. சுருக்கினால் நான்கு முனைச் சுற்று. அதற்கும் இதையே செய்துகொண்டு போனால் (ந−1)⁴ + (ந−1) வரும். கழித்துப் பாருங்கள், மேலே சொன்னது சரியாக வரும். நீக்கு, சுருக்கு, கழி. இந்த ஒரு விதி கைக்கு வந்துவிட்டால் பாடப்புத்தகத்தில் இருக்கும் கணக்கில் பெரும்பாலானவை முடிந்துவிடும்.

இதை யார் ஆரம்பித்தார்கள்?

1852-ல் பிரான்சிஸ் கத்ரி இங்கிலாந்து மாவட்டங்களின் வரைபடத்துக்கு நிறமடிக்கும்போது நான்கு நிறமே போதுமாக இருப்பதைக் கவனித்தார். எல்லா வரைபடத்துக்கும் நான்கு போதுமா என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. (மாவட்டத்துக்கு ஒரு முனை, எல்லையைப் பகிரும் மாவட்டங்களுக்கு நடுவில் விளிம்பு என்று எடுத்தால் இதுவும் கோட்டுருவுக்கு நிறமிடுவதுதான்.) 1912-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் பிர்காஃப் வேறு வழியில் யோசித்தார்: நிறமிட முடியுமா முடியாதா என்று கேட்பதற்குப் பதில் எத்தனை வழி என்று எண்ணுவோம், அது ஒரு பல்லுறுப்புக்கோவையாக வரும், அதில் 4 போட்டால் பூச்சியம் வராது என்று பகுப்பாய்வு முறையில் நிறுவிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. அது நடக்கவில்லை. நான்கு நிறத் தேற்றம் 1976-ல் அப்பல், ஹாக்கன் இருவரால் கணினி உதவியோடு வேறு பாதையில்தான் நிறுவப்பட்டது. ஆனால் பிர்காஃப் செய்துவிட்டுப் போன கோவை தனியாக வளர்ந்தது. 1932-ல் விட்னி அதன் கெழுக்களுக்குப் பொருள் சொன்னார். 1946-ல் பிர்காஃபும் டி. சி. லூயிஸும், தளத்தில் விளிம்புகள் வெட்டிக்கொள்ளாமல் வரையக்கூடிய கோட்டுருக்களுக்கு 5-லோ அதற்கு மேலோ மெய்யெண் மூலம் இருக்காது என்று காட்டினார்கள். 4-ல் இருக்காது என்பது நான்கு நிறத் தேற்றம். 4-க்கும் 5-க்கும் நடுவில்? அந்த இடைவெளி இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.

நிறங்களின் எண்ணிக்கை எப்படி மைனஸ் 1 ஆக இருக்க முடியும்? வகுப்பில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள், அர்த்தம் புரியவில்லை.

என்னைக் கேட்டால் இந்தத் துறைக்குள் ஒருவரை இழுத்துவிடும் கேள்வி இதுதான். நம் கோவையில் ந = −1 போட்டால் (−2)⁵ − (−2) = −30. குறியை விட்டுவிட்டால் 30. மைனஸ் ஒரு நிறம் என்று ஒன்று கிடையாது, ஆனால் இந்த 30 எதையோ எண்ணுகிறது. எதை என்று 1973-ல் ரிச்சர்ட் ஸ்டான்லி கண்டுபிடித்தார்: ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு திசை கொடுக்க வேண்டும், ஆனால் அம்புக்குறி வழியே நடந்தால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடக்கூடாது, அப்படி எத்தனை விதமாகத் திசை கொடுக்கலாம் என்பதே அந்த எண்.

வாய்க்காலை நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிற தண்ணீர் எத்தனை கிளை வாய்க்கால் பிரிந்து மறுபடி சேர்ந்தாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும், கடைமடையிலிருந்து சுற்றிக்கொண்டு தலைப்புக்கு வந்து நிற்காது. ஒவ்வொரு முனைக்கும் ஓர் உயரம் இருப்பதாக வைத்துக்கொண்டால் விளிம்புகளின் திசை தானாக அமையும், சுற்று வரவே வராது. ஐந்து விளிம்புக்கு மொத்தம் 2⁵ = 32 விதமாகத் திசை கொடுக்கலாம். அதில் எல்லாம் கடிகாரச் சுற்றாகப் போவது ஒன்று, எல்லாம் எதிர்ச்சுற்றாகப் போவது ஒன்று, இந்த இரண்டில் மட்டும்தான் தண்ணீர் திரும்பி வரும். 32 − 2 = 30.

மூன்று நிறத்துக்கும் 30, மைனஸ் ஒன்றுக்கும் 30 என்று வந்தது இந்தச் சுற்றுக்கு நேர்ந்த தற்செயல். வேறு கோட்டுருவில் அப்படி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்டான்லியின் தேற்றம் மட்டும் எல்லாக் கோட்டுருவுக்கும் பொருந்தும்.

டட் பல்லுறுப்புக்கோவை என்கிறார்களே, அது தனியா?

அது எல்லாவற்றுக்கும் தாய். டபிள்யூ. டி. டட் 1917-ல் பிறந்த ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜில் வேதியியல் படித்தவர், இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் லோரென்ஸ் ரகசியக் குறியீட்டு இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமலே கண்டுபிடித்தவர். 1954-ல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு மாறிகள் கொண்ட ஒரு கோவையை முன்வைத்தார். நீக்கு–சுருக்கு விதிக்கு உட்படும் அளவு எதுவாக இருந்தாலும் அது இந்தக் கோவையிலிருந்து கிடைத்துவிடும்.

மாறிகளுக்கு க, ச என்று பெயர் வைப்போம். நம் ரயில் சுற்றுக்கு:

க⁴ + க³ + க² + க + ச

க = 1, ச = 1 போடுங்கள்: 5. எல்லா ஊரும் இணைந்திருக்க வேண்டும், ஆனால் சுற்று இருக்கக்கூடாது என்றால் ஒரு பாதையை எடுத்துவிட வேண்டும், அதற்கு 5 வழி. க = 2, ச = 1: 31, சுற்றே இல்லாத விளிம்புத் தொகுப்புகளின் எண்ணிக்கை. க = 1, ச = 2: 6, ஐந்து ஊரையும் இணைத்து வைக்கும் தொகுப்புகள். க = 2, ச = 0: 30, மேலே பார்த்த திசைக் கணக்கு. இரண்டுக்கும் 2 போட்டால் 32, எல்லாத் தொகுப்புகளும். கேள்வியை மாற்றினால் கோவை மாறுவதில்லை, எந்த இடத்தில் மதிப்பிடுகிறோம் என்பது மட்டும் மாறுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இது.

சிக்குக் கோலத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்கிறார்கள். உண்மையா, சும்மா பெருமைக்குச் சொல்கிறார்களா?

உண்மை, துல்லியமான தேற்றமே இருக்கிறது. புள்ளிகளை முனைகளாக எடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் கம்பி ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கிற இடம் இருந்தால் அந்த இரண்டு புள்ளிக்கும் விளிம்பு இருக்கிறது என்று எடுங்கள். கடக்காமல் வளைந்து திரும்பினால் விளிம்பு இல்லை. இப்போது கோலத்தில் மொத்தம் எத்தனை தனித்தனிக் கம்பி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? அந்தக் கோட்டுருவின் டட் கோவையில் க = −1, ச = −1 போடுங்கள். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் 1 வந்தால் ஒரே கம்பி, 2 வந்தால் இரண்டு, 4 வந்தால் மூன்று, 8 வந்தால் நான்கு. 2-இன் அடுக்காகத்தான் வரும், அடுக்கோடு ஒன்று கூட்டினால் கம்பிகளின் எண்ணிக்கை.

இரண்டுக்கு இரண்டு புள்ளி வைத்து எல்லா இடத்திலும் கடக்கவிட்டுப் போட்டுப் பாருங்கள், இரண்டு கம்பி வரும். கோட்டுரு நான்கு முனைச் சுற்று, கோவை க³ + க² + க + ச, மதிப்பு −2. சரியா? இரண்டுக்கு மூன்று புள்ளியில் ஒரே கம்பி, மதிப்பு −1. நெடுக்கிலும் குறுக்கிலும் கட்டமாகப் புள்ளி வைத்து எல்லாப் பக்கத்துப் புள்ளிகளுக்கும் நடுவில் கடக்கவிட்டால் கம்பிகளின் எண்ணிக்கை வரிசை, நிரை எண்களின் மீ.பொ.வ. ஆகவே இருக்கும்: மூன்றுக்கு நான்கில் ஒன்று, நான்குக்கு ஆறில் இரண்டு, மூன்றுக்கு மூன்றில் மூன்று. மார்கழியில் விடியற்காலை வாசலில் உட்கார்ந்து கை எடுக்காமல் ஒரே கம்பியாக முடிக்கும் நம் அம்மாக்கள், பாட்டிகளுக்கு எந்தப் புள்ளிக் கணக்கு ஒரே கம்பியாக வரும், எங்கே ஒரு கடப்பை வளைவாக மாற்றினால் இரண்டு கம்பி ஒன்றாகும் என்பது கையிலேயே இருக்கிறது. அது நிஜமான கணித அறிவு, அதை வாசல் தெளிப்போடு சேர்த்து ஒதுக்கிவிடக்கூடாது என்று நான் அழுத்தமாக நினைக்கிறேன். சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1970-களிலேயே கோலங்களைக் கணினி மொழியியலின் இலக்கணங்களோடு சேர்த்து ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். கடக்கிற இடங்களில் கம்பி ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று மாறி மாறிப் போவதாக வைத்துக்கொண்டால் கோலம் ஒரு முடிச்சாகிவிடும். முடிச்சுகளுக்கு வான் ஜோன்ஸ் 1984-ல் கண்டுபிடித்த பல்லுறுப்புக்கோவை ஒன்று இருக்கிறது. இப்படி மாறி மாறிப் போகும் முடிச்சுகளுக்கு அந்த ஜோன்ஸ் கோவை டட் கோவையிலிருந்தே கிடைக்கும் என்று 1987-ல் திஸில்த்வெயிட் காட்டினார். க × ச = 1 என்ற வளைகோட்டின் மேல் டட் கோவையைப் பார்த்தால் அது வரும். நாம் போட்ட (−1, −1) அந்த வளைகோட்டின் மேல்தான் இருக்கிறது.

நிஜ வாழ்க்கையில் பயன்?

நேரடியானது நம்பகத்தன்மைக் கோவை. மழைக்காலத்தில் ஒவ்வொரு பாதையும் ஒன்றையொன்று சாராமல் ப என்ற நிகழ்தகவோடு திறந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஊரும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் நிகழ்தகவு ப⁵ + 5ப⁴(1−ப). ப = 0.9 என்று ஒரு பேச்சுக்கு எடுத்தால் 0.9185. மயிலாடுதுறை – திருவாரூர் பாதை இல்லாமல் வெறும் வரிசையாக இருந்திருந்தால் 0.9⁴ = 0.6561 தான். ஒரு இணைப்புப் பாதை என்ன செய்கிறது என்று பாருங்கள். திருச்சி, மன்னார்குடி, நாகப்பட்டினம் மூன்றையும் ஒற்றைக் கிளைகளாக இதில் சேர்த்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ப பெருக்க வேண்டும், 0.67-க்கு இறங்கிவிடும். மின்கம்பி வலையமைப்பு, தொலைத்தொடர்பு எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு வருகிறது, இந்தக் கோவையும் டட் கோவையிலிருந்தே கிடைக்கும். இயற்பியலில் காந்தத்தை விளக்கும் பாட்ஸ் மாதிரியும் இதேதான் என்று ஃபோர்ட்டுயின், காஸ்டெலைன் 1972 வாக்கில் காட்டினார்கள்.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: இதை மட்டும் படித்தால் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எண்ணுதல், நிகழ்தகவு, அல்காரிதம் மூன்றும் சேர்ந்து பழகுவதால் கணினித் துறைக்குப் போகிறவர்களுக்கு இது வீண் போகாது.

கணினியில் போட்டால் வந்துவிடாதா?

சின்னதுக்கு வரும். சேஜ்மேத் என்ற கணித மென்பொருள் இலவசம், அதில் குரோமாட்டிக் கோவை, டட் கோவை இரண்டுக்கும் கட்டளை இருக்கிறது. பைத்தானின் நெட்வொர்க்எக்ஸிலும் இருக்கிறது. ஆனால் நீக்கு–சுருக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு கணக்கை இரண்டாக்குகிறது, முப்பது நாற்பது விளிம்பு தாண்டினால் எந்திரம் திணற ஆரம்பிக்கும். இது அல்காரிதத்தின் குறை மட்டும் இல்லை. 1990-ல் ஜேகர், வெர்டிகன், வெல்ஷ் மூவரும், டட் கோவையை ஒரு குறிப்பிட்ட வளைகோட்டிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில புள்ளிகளிலும் தவிர வேறெங்கும் மதிப்பிடுவது பொதுவாக மிகக் கடினம் என்று நிறுவினார்கள். அந்தச் சுலபமான புள்ளிகளில் (1, 1) ஒன்று: சுற்றில்லாமல் எல்லா முனையையும் இணைக்கும் வழிகளை அணிக்கோவை மூலம் எண்ணலாம் என்று கிர்ஹோஃப் 1847-லேயே காட்டிவிட்டார். இன்னொன்று (−1, −1), நம் கோலப் புள்ளி. மூன்று நிறத்தில் எத்தனை வழி என்பது கடினமான பக்கம் விழுகிறது.

கோவை ஒன்றாக இருந்தால் கோட்டுருவும் ஒன்றுதானே?

இல்லை. சுற்றே இல்லாத இணைந்த கோட்டுருவை மரம் என்கிறோம். ஐந்து முனை உள்ள மரம் எதுவாக இருந்தாலும் குரோமாட்டிக் கோவை ந(ந−1)⁴ தான், நேர்கோடாக இருந்தாலும் நட்சத்திரமாக இருந்தாலும். 1995-ல் ஸ்டான்லி இதை விரித்து, எந்த நிறம் எத்தனை முனையில் வந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்கும் ஒரு சமச்சீர்ச் சார்பை வரையறுத்தார். அது மரங்களையாவது பிரித்துக் காட்டுமா என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை.

ராமானுஜன் இதில் எங்கே வருகிறார்?

கும்பகோணத்துப் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். அவர் கோட்டுருக்களில் வேலை செய்யவில்லை. 1916-ல் அவர் முன்வைத்த ஒரு ஊகத்தை 1974-ல் டெலீன் நிறுவினார். அந்த வழியில் வந்த முடிவுகளை வைத்து 1988-ல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னக் மூவரும், விளிம்புகள் குறைவாக இருந்தும் மிக நன்றாக இணைந்திருக்கும் கோட்டுருக்களைக் கட்டி அவற்றுக்கு ராமானுஜன் கோட்டுருக்கள் என்று பெயர் வைத்தார்கள்.

பல்லுறுப்புக்கோவை அதற்குப் பிறகு வருகிறது. முனை பகிர்ந்துகொள்ளாத விளிம்புகளை எத்தனை விதமாக எடுக்கலாம் என்று எண்ணும் இணைக்கோவை ஒன்று உண்டு. நம் சுற்றில் ஒன்றும் எடுக்காமல் 1, ஒரு விளிம்பு 5, இரண்டு விளிம்பு 5, ஆக ய⁵ − 5ய³ + 5ய. இதன் மூலங்கள் எல்லாம் மெய்யெண்கள், எல்லாம் −2-க்கும் 2-க்கும் உள்ளே. எந்தக் கோட்டுருவுக்கும் இந்தக் கோவையின் மூலங்கள் மெய்யெண்களாகவே இருக்கும், குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாது என்று ஹைல்மன், லீப் 1972-ல் நிறுவினார்கள். அந்த எல்லையும் ராமானுஜன் கோட்டுருக்களின் வரையறையில் வரும் எல்லையும் ஒன்றே. அதைப் பிடித்துக்கொண்டு 2013-ல் மார்க்கஸ், ஸ்பீல்மன், நிகில் ஸ்ரீவஸ்தவா மூவரும், ஒவ்வொரு முனையிலும் மூன்றோ அதற்கு மேலோ எத்தனை விளிம்பு வேண்டுமென்றாலும், முனைகள் இரண்டு பக்கமாகப் பிரியும் வகையில் ராமானுஜன் கோட்டுருக்கள் முடிவில்லாமல் உண்டு என்று காட்டினார்கள்.

புதிதாகக் கண்டுபிடிக்க இதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

நிறைய. நம் சுற்றின் குரோமாட்டிக் கோவையை விரித்தால் குறியை விட்டுவிட்டுக் கெழுக்கள் 1, 5, 10, 10, 4. ஏறி, நின்று, இறங்குகிறது. எல்லாக் கோட்டுருவுக்கும் இப்படித்தான் என்று 1968-ல் ரொனால்ட் ரீட் ஊகித்தார். ஜூன் ஹூ 2012-ல் வெளியான கட்டுரையில் இயற்கணித வடிவியலைக் கொண்டுவந்து, அதைவிட வலுவான முடிவையே நிறுவினார். 2022-ல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்ததற்கான வேலைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் இன்னொன்று பாருங்கள். ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லாத முனைகளை எண்ணும் சார்பிலாக் கோவை என்று ஒன்று உண்டு. மரங்களுக்கு அதன் கெழுக்களும் ஏறி இறங்கும் என்று 1987-ல் அலவி, மால்டே, ஷ்வெங்க், எர்டிஷ் கேட்டார்கள். மரம்தானே என்று நினைக்கத் தோன்றும், இன்றுவரை யாரும் நிறுவவில்லை. ஹூ நிறுவியது போன்ற வலுவான பண்பு எல்லா மரங்களின் சார்பிலாக் கோவைக்கும் பொருந்திவிடாது என்று 26 முனை உள்ள மரங்களைக் கணினியில் தேடி 2023-ல் காட்டிவிட்டார்கள். ஒரு எம்.எஸ்ஸி. மாணவி மடிக்கணினியை வைத்துக்கொண்டு இதே மாதிரித் தேடலில் இறங்கலாம்.

எங்கே தொடங்குவது?

என்பிடெல்லில் கிராஃப் தியரி வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நேரியல் இயற்கணிதம் தெளிவாக இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அப்புறம் இந்தக் கணக்கைப் போடுங்கள்: நான்கு முனை, ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் இணைந்தது, மொத்தம் ஆறு விளிம்பு. அதன் டட் கோவையைக் கையால் நீக்கு–சுருக்கு முறையில் கண்டுபிடியுங்கள், அரை மணி நேரமாவது ஆகும். (1, 1)-ல் 16 வர வேண்டும். (−1, −1)-ல் 4 வர வேண்டும், அதாவது மூன்று கம்பி. மூன்று முனையை முக்கோணமாகவும் நான்காவதை நடுவிலும் வைத்துக் கம்பியைப் போட்டு எண்ணிப் பாருங்கள்.